ரிப் துணிக் காலுறை

மாரக்காள்: மாமா, அந்த மஞ்சப்பைய இப்படிக் குடுங்க. நானே வெச்சுக்கறேன்.

நஞ்சப்பன்: கெடக்கட்டும் புள்ள. பஸ்ஸு வர இன்னும் நேரம் இருக்குது. நீ காலை நீட்டி உக்காரு.

மாரக்காள்: இந்தக் காலுக்கு ஆப்பரேசன் பண்ணத்தான அருள்புரத்துல இருந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி வந்தமுங்க. இப்ப காலுல கத்தி வெக்காமயே ஊட்டுக்குப் போங்கறாங்க. உங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டு அந்தப் பெரிய டாக்டரு என்னுங்க சொன்னாரு?

நஞ்சப்பன்: மிசினு ரிப்பேராமா. அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாரு.

மாரக்காள்: ஏனுங்க மாமா... இருவது வருசமா உங்ககூடக் குப்பை கொட்டறேன். பொய் சொல்றப்ப நீங்க மீசையத் தடவுவீங்க.

நஞ்சப்பன்: அட, மீசை அரிச்சாத் தடவக்கூடாதா?

மாரக்காள்: காலு நரம்புல வெரலை வெச்சவரு, வெச்ச வெரலை எடுக்கவே இல்லீங்க. "இது துடிக்குதேம்மா"ன்னாரு. அப்பறம் நெஞ்சுல கொழாய வெச்சுக் கேட்டாரு. டிவியாட்ட ஒண்ணுல நெஞ்சைப் படம் புடிச்சாங்க. காலு வலிக்கு எதுக்குங்க நெஞ்சைப் பாக்கறாங்க?

நஞ்சப்பன்: இரு புள்ள, பஸ்ஸு வருதான்னு பாத்துட்டு வாரேன்.

மாரக்காள்: சொல்லுங்க. நானென்ன சின்னப் புள்ளையா?

நஞ்சப்பன்: நெஞ்சுல ஒரு கதவு சரியாச் சாத்தறதில்லியாமா.

மாரக்காள்: கதவா?

நஞ்சப்பன்: வால்வுங்கறாங்க. காலு நரம்புக்குள்ளயும் சின்னச் சின்னதா இருக்குதாமா. மேல போன ரத்தம் திரும்பிக் கீழ எறங்காமச் சாத்திக்குமாமா. உனக்கு அது தளந்துபோயித்தான் நரம்பு சுருண்டு கெடக்குது. நெஞ்சுலயும் அதே கதைதான். ஒருசிலரு ஒடம்பு வாகே அப்படியாமா, ரெண்டு எடத்துலயும் தளந்துருமாமா.

மாரக்காள்: அப்ப... நரம்பு சுருண்டவங்க எல்லாத்துக்கும் இப்படித்தானா?

நஞ்சப்பன்: இல்லீன்னுட்டாரு. அனேகம் பேருக்குக் காலோட நின்னுருமாமா. நெஞ்சு வரைக்கும் போறது எங்கியோ ஒருத்தருக்குத்தானாமா.

மாரக்காள்: பனியன் கம்பெனியில ரெண்டாயிரத்துல சேந்தேன். ஏழு வருசமா செக்கிங் டேபிள்ல நின்னுட்டே பனியனைத் திருப்பித் திருப்பிப் பாக்கறனே, அதுல வந்த வலின்னு நெனச்சனுங்க.

நஞ்சப்பன்: நின்னதுல காலுதான் போகுமாமா. நெஞ்சு அதுனால கெடலியாமா. ஆனா... அந்த உறைதான் கெடுத்துருச்சு புள்ள.

மாரக்காள்: எதுங்க?

நஞ்சப்பன்: பனியன் கழுத்துப்பட்டிக்கு வெக்கற, கவ்விப் புடிக்கற ரிப் துணியக் கொழாயாட்ட ஓவர்லாக் மிசின்ல அடிச்சு, காலுல மாட்டிட்டு நின்னியே, அதுதான். முட்டிக்குக் கீழ அச்சு விழுந்து கெடக்கறதைப் பாத்துட்டு என்னைக் கேட்டாரு. எனக்கு மூஞ்சியத் தூக்கிப் பாக்க முடியல. எங்க கட்டிங் செக்சன்ல மிச்சம் விழுந்த துணிய எடுத்தாந்து குடுத்தது நாந்தான?

மாரக்காள்: நரம்பை அமுக்கறதுக்குக் கடையில விக்கற உறைய வாங்கோணும்னு, மொதல்ல காலைக் காட்டுன சின்ன டாக்டரு அப்பவே எழுதிக் குடுத்தாருங்க.

நஞ்சப்பன்: நம்மகிட்ட இல்லாத துணியான்னு ரெண்டு பேரும் சிரிச்சோம். அது வீக்கத்தை அமுக்கி மறைச்சுருச்சாமா. காலு வீங்கறது கண்ணுல பட்டிருந்தா எப்பவோ நெஞ்சைப் பாத்திருப்பாங்களாமா.

மாரக்காள்: உங்க மேல என்னுங்க தப்பு... நான் கேட்டுத்தான குடுத்தீங்க.

நஞ்சப்பன்: நெஞ்சைத் தொறந்துதான் சரி பண்ணோணுமாமா. அதைக் கேட்டதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ இல்லாம நான் என்ன புள்ள பண்ணுவேன்...

மாரக்காள்: நான் எங்க போறேன், இங்கதான உக்காந்திருக்கறேன். வெசாழக்கெழம முடியட்டுங்க. தாராபுரத்துக்காரங்க நம்ம சித்ராவை உறுதி பண்ண வாராங்க. அம்மாக்காரிக்கு நெஞ்சு நோவுன்னு காதுல விழுந்தா, பொண்ணுக்கும் இருக்குமோன்னு ரோசனை பண்ணுவாங்க.

நஞ்சப்பன்: டாக்டரும் அதையேதான் கேட்டாரு. பெத்த புள்ளைக யாருக்காச்சும் நரம்பு சுருண்டிருக்குதா, மூச்சு வாங்குதான்னு. இருந்தா இப்பவே கூட்டியாந்து காட்டோணுமாமா. லேட் பண்ணக்கூடாதாமா.

மாரக்காள்: நீங்க... என்னுங்க சொன்னீங்க?

நஞ்சப்பன்: ஒரே பொண்ணுங்க, பத்தொம்பது வயசு, ஒரு கொறையும் இல்லீங்கன்னு அடிச்சுச் சொன்னேன். உன்னைய நர்ஸு கேட்டிருக்குமே?

மாரக்காள்: கேட்டாங்க... நானும் இல்லீன்னுதான் சொன்னனுங்க.

நஞ்சப்பன்: அப்பறமென்ன. பையில மாத்து உறை வெச்சிருக்கறயில்ல? அதை இனித் தொடவே கூடாதுன்னுட்டாரு. இங்கயே வீசிட்டுப் போலாம்.

மாரக்காள்: வேண்டாமுங்க மாமா. பைய இப்படிக் குடுங்க...

நஞ்சப்பன்: இரு புள்ள... ஒண்ணு, ரெண்டு... என்ன இது, நாலு இருக்குது?

மாரக்காள்: காலையில அவசரத்துல கொடியில கெடந்ததை அப்படியே அள்ளிப் போட்டுட்டனுங்க.

நஞ்சப்பன்: இது ரெண்டும் சின்னது. உன்ற காலுல ஏறவே ஏறாதே.

மாரக்காள்: அதைக் குடுங்க மாமா, பையிலயே போட்டுர்றேன்.

நஞ்சப்பன்: மாரக்கா, இது யாரோடது?

மாரக்காள்: சித்ராவோடதுங்க. என்கூடச் செக்கிங்குல நிக்க வந்த மூணாம் மாசமே நரம்பு தெரிஞ்சுது. மாப்பிள்ளை ஊட்டுல பாத்துருவாங்கன்னு நாந்தான் அடிச்சு மாட்டி உட்டேன்... ரெண்டாவது மாடி ஏறுனா அவளுக்கும் மூச்சு வாங்குதுங்க. எந்திரிங்க மாமா, டாக்டரு கெளம்பறதுக்குள்ள போயிச் சொல்லிரலாம்.