பதினோரு நிமிஷம் போட்ட கேட்

நான் உக்காரலைங்க ஐயா, நீங்க உக்காருங்க. உக்காந்தா எனக்குக் காலு குறுகுறுங்குது. காப்பியில கொஞ்சம் கிராப்பாச் சாராயம் ஊத்தட்டுமா? டூட்டியா? சரி, ஒரு சொட்டு.

ஆமா, கார்ப் பந்தயத்தன்னிக்கு ரயில்வே கேட்டப் போட்டது நான்தான். பதினோரு நிமிஷமா? அந்தக் கார்க்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பின்னாடி மூணு காரு நின்னு ஊளையிட்டுச்சு. ஒருத்தன் என்னையக் கெழட்டு மாடேன்னான். கேட்டுக்கிட்டேன்.

தெரியும்யா, வேலை போனா இந்த ரயில்வே வீடும் போயிடும். பதறாம கேளுங்க.

பந்தயம்னா, ப்ரெஷா ஊருல கெளம்பி ரோம் வரைக்கும் போயித் திரும்பணும், ஆயிரம் மைலு. காருல எழுதியிருக்கிற நம்பர்தான் அது கெளம்புன மணி. எம்மவன் ஒரேஸ்தேக்கு நானூத்திப் பதினேழு. நாலு பதினேழுக்குக் கெளம்பியிருக்கான். போன வருஷம் இங்க வந்து சேர ஒன்னேமுக்கா மணி நேரமாச்சு, கையாட்டிட்டுப் போனான்.

இந்தத் தடவ, முந்தின கேட்டுல இருக்கிற நோர்மா போன் பண்ணா. ஏண்டி எர்மெலீனா, ஒம்மவன் போயிட்டான்டி, பின்சக்கரம் தரையிலயே இல்லடின்னா. சொவத்துக் கடியாரத்தப் பாக்குறேன், அஞ்சு இருவத்தஞ்சு. போன வருஷம் இங்க வர்றப்ப ஆறு தாண்டிருச்சு. இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் வேணுமா? ராத்திரிப் பூரா மழை, ரோடு ஈரம். இங்க தாண்டுனா பாலத்து வளைவு. அங்க சனம் ரோட்டு மேலயே நிக்கும், இடுப்புல புள்ளைய வச்சிக்கிட்டு.

கைப்பிடியச் சுத்திக் கேட்ட எறக்குனேன். வந்தான், நின்னான். தூக்கும்மா, ரயிலு எங்கன்னு கத்துறான். வருதுடா, இருடான்னேன். பக்கத்துல உக்காந்து வந்த பய எறங்கி வயலோரமா வாந்தி எடுத்தான். ஒரேஸ்தே கை ஸ்டியரிங்க விட்டு வரலைங்க. ஒவ்வொரு வெரலா நான்தான் பிரிச்சேன். அந்த வெரலு நடுங்குறது நிக்கிற வரைக்கும் கேட்டத் தூக்கல.

அப்புறம் போனான், பதவிசாத்தான் போனான். எம்பதாவதா வந்து சேந்தான். இன்னியோட ஒம்போது நாளு, எங்கூடப் பேச்சில்ல. மாடியில தூங்குறான். தூங்கட்டும்.

என்னய்யா, பேனாவ எடுக்க மாட்டேங்கறீங்க? காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல. ரயிலு வரல, மவன் வந்தான்னு எழுதுங்க.

இருங்க, மணி அடிக்குது. போட்டுட்டு வந்துடறேன். பயப்படாதீங்க, இது நெசமாவே ரயிலுதான்.