வலது கால் என் பங்கு

மழை பூட்ஸ் தங்கச்சி, மழை பூட்ஸ்! முழங்கால் வரைக்கும் வருமே, கறுப்பு ரப்பர்ல... அதை மாட்டிக்கிட்டுக் கட்டில்ல படுத்துத் தூங்குறா என் மருமக. இந்த வேக்காட்டுல! நெறமாசக்காரி! எங்கயாவது கேட்டிருக்கியா நீ? நீ எங்க கேட்டிருக்கப் போற, வூஹான்காரியாம்ல. அங்கல்லாம் மருமகளுங்க ஒழுங்கா செருப்பக் கழட்டிட்டுத்தான் படுப்பாளுங்க.

அசையாத, அசையாத! குப்புறப் படுத்திருக்க, இடுப்பு மேல பெட்டி. உள்ள மாசிபத்திரி மூலிகை கனன்னுக்கிட்டு இருக்கு, அசைஞ்சா சாம்பல் கொட்டிடும். மொத தடவையா? பயப்படாத. இதமா இருக்கும், தூக்கம் தூக்கமா வரும். தூங்கிடாத, நான் சொல்லிட்டிருக்கேன்ல. எனக்குப் பாரு, ரெண்டு முழங்கால்லயும் காலுக்கொரு பெட்டி. நம்ம டெங் வைத்தியர் சொன்னா நெருப்பு கேக்கும், அப்படி ஒரு கை. எங்க சிச்சுன் ஊர்ல பாதிப் பேரு இந்தப் புகையிலதான் சோறு திங்கிறோம்... எங்க விட்டேன்? ஆங், பூட்ஸ்.

பெய்ஷான்னு பேரு மருமகளுக்கு. நல்ல பொண்ணுதான், இல்லேங்கல. வயித்துல இருக்கே அதுதான் குறும்பு. தலையைக் கீழ போட வேண்டிய நேரத்துல, சிம்மாசனத்துல உக்காந்த மாதிரி ஜம்முன்னு உக்காந்திருக்கு. ஆஸ்பத்திரில பாத்துட்டு, இப்படியே இருந்தா வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும்னுட்டாங்க. பெய்ஷானுக்குக் கத்தின்னா உசுரே போயிடும். வெள்ளரிக்காய் நறுக்குறதுக்கே கண்ணை மூடிக்கிறவ! டெங் வைத்தியர்கிட்ட கூட்டியாந்தோம். கால் சுண்டுவிரல் இருக்குல்ல, அந்த நகத்தோட வெளி ஓரத்துல, மாசிபத்திரிச் சுருட்டைப் பத்தவெச்சு அனல் காட்டுங்கன்னார். தொடாம, கிட்டக்க. ரெண்டு கால்லயும். புள்ள தானா புரண்டுக்கும்னார்.

சரி, யாரு காட்டுறது? குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன்ல? அதுக்குள்ள ஹுவாங்மெய்லேர்ந்து வந்து எறங்கிட்டா சம்பந்தியம்மா! ஒரு மூட்டை துணி, ஒரு ஜாடி முள்ளங்கி ஊறுகாய், உசுரோட ஒரு கோழி. "எம் பொண்ணு காலு, நான்தான் காட்டுவேன்"ங்கிறா. "உம் பொண்ணு காலுதான், ஆனா அது நிக்கிறது என் வீட்டுத் தரையில"ன்னேன் நான். விடுவேனா! எம் புள்ள குவாங்யூ இருக்கானே, வாயில்லாப் பூச்சி, அவன் பஞ்சாயத்து பண்ணான். எடது காலு அவளுக்கு, வலது காலு எனக்கு. வயக்காட்டப் பாகம் பிரிக்கிற மாதிரி பொண்டாட்டி காலைப் பிரிச்சுட்டான்! ஆளுக்கொரு முக்காலி, ஆளுக்கொரு சுண்டுவிரல். நடுவுல புகை. அவ மொகம் தெரியாது பாரு, அது ஒண்ணுதான் நிம்மதி.

ஒரே ஒரு சாயங்காலம் தங்கச்சி, ஒரே ஒரு சாயங்காலம் நான் சதுக்கத்துல பொம்பளைங்க கூட்டமா ஆடுறதுக்குப் போனேன். விசிறி ஆட்டம், நான் மொத வரிசை, நான் போகலேன்னா வரிசையே கோணிக்கும். திரும்பி வர்றேன், வீடே அமர்க்களப்படுது. புள்ள புரண்டுடுச்சாம்! மறுநாள் ஆஸ்பத்திரியிலயும் பாத்துச் சொல்லிட்டாங்க, தலை கீழ வந்துடுச்சுன்னு. எனக்கு சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லல. ஆனா அவ வாய மூடினாளா? "எல்லாம் என் கைராசி, என் கைராசி!" காய்கறிக்காரன்கிட்ட சொல்றா, லிப்ட்ல வர்றவன் போறவன்கிட்ட சொல்றா, என்கூட ஆடுறாளுங்களே அவளுங்ககிட்டயே போய்ச் சொல்றா! வலது காலுன்னு ஒண்ணு இருந்துச்சே, அதப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அப்புறம் என்னாச்சுன்னு கேளேன். சரி, நீ கேக்கமாட்ட, நானே சொல்றேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனா... மறுபடியும் சிம்மாசனம்!

பெய்ஷான் வீட்டுக்கு வந்தா. போர்வையத் தூக்கிப் பாத்தா. கால்மாட்டுல ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் கருகி. "நான் தூங்குறப்ப யாரோ மறுபடி அனல் காட்டியிருக்கீங்க. யாருன்னு சொல்ற வரைக்கும் எங் காலை ஒருத்தருக்கும் காட்டமாட்டேன்!" அவ்வளவுதான், குவாங்யூ மீன் புடிக்கப் போட்டுட்டுப் போற பூட்ஸ எடுத்து மாட்டிக்கிட்டா. குளிக்கத்தான் கழட்டுறா, அதுவும் தாழ்ப்பாள் போட்டுட்டு. இப்ப பூட்ஸ் மேல அனல் காட்டினா புள்ள புரளுமா? சம்பந்தியம்மா காட்டித்தான் பாத்தா. ரப்பர் நாத்தம் மாடி மாடியா ஏறிடுச்சு!

வர்ற வாரத்துக்குள்ள திரும்பலேன்னா கத்திதானாம். பெய்ஷான் கொழாயத் திறந்து விட்டுட்டு குளிக்கிற ரூமுக்குள்ள அழறா தங்கச்சி. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனக்கிறா. எனக்குக் கேக்குது.

யாரு பண்ணதுன்னா? எனக்கெப்படித் தெரியும்! கீழ்வீட்டுக்காரர் தெனம் இடுப்புக்கு அனல் காட்டுறாரு, அந்தப் புகை ஜன்னல் வழியா வந்து கால்ல பட்டிருக்கும்னு நான்கூட சொன்னேன். போர்வை ஓட்டையா? பூச்சி அரிச்சிருக்கும். கருகியிருந்துச்சுன்னா... கருகின பூச்சி! ஏன் குலுங்குற? சிரிக்காத, பெட்டி ஆடுது!

நீயே நியாயத்தச் சொல்லு. அந்த ஹுவாங்மெய்க்காரி நாள் கணக்கா ஊதி ஊதிக் காட்டித்தானே ஒரு தடவை புரள வெச்சா? நான் ஒரே மதியத் தூக்க நேரத்துல, ஒரே சுருட்டுல, அதுவும் வலது காலு மட்டும், அப்படியே குட்டிக்கரணம் போட வெச்சுட்டேன்! இப்ப சொல்லு, யாருக்குக் கைராசி? யாருக்கு...

...

என்ன பாக்குற?

சரி. நான்தான். புரண்டதும் நிறுத்திடணும்னு டெங் வைத்தியர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, காதுல விழுந்துச்சு, இல்லேங்கல. என் பங்குக்கு ஒரு தடவை காட்டிட்டா மனசு ஆறும்னு பாத்தேன். போர்வையில ஒரு பொறி விழுந்துச்சு, தட்டுறேன், அதுக்குள்ள அவ வயிறு ஒரு பக்கமா எழும்பி... இந்தக் கண்ணால பாத்தேன். கையி காலு ஓடல. சுருட்டத் தண்ணில போட்டுட்டு, அந்தப் பொம்பளையோட கோழிக்குத் தீனி போடுற மாதிரி போய் நின்னுட்டேன். சொன்னா பெய்ஷான் என்னை விடுவாளா? பேரப்புள்ளைய நான் தொடறதுக்கு விடுவாளா? அத நெனச்சாத்தான்...

ஏ, ஏன் எந்திரிக்கிற? பெட்டி, பெட்டி! இடுப்புல கட்டியிருக்கு! என்ன இது... என் போனை எதுக்கு என் கைல திணிக்கிற? யாருக்குப் பேசச் சொல்ற? ஏ தங்கச்சி! கொதிக்கிற கெட்டில் நடந்து போற மாதிரி போறாளே! டெங் வைத்தியரே, உங்க பெட்டி தெருவுல எறங்கிப் போகுது!

...போயிட்டா. வூஹான்காரிக்கு இவ்வளவு திமிரு.

குரல் அனுப்புறதுக்கு எத அமுக்கணும்... இதுதான்.

"பெய்ஷான்... நான்தான்டா. புகையும் இல்ல, பூச்சியும் இல்ல. அன்னிக்கு மதியம் காட்டினது நான்தான். மன்னிச்சுக்கோ கண்ணு. பூட்ஸக் கழட்டிடு, காலு வெந்துடும். உங்கம்மாவையே ரெண்டு காலுக்கும் காட்டச் சொல்லு, இப்பவே. நான் கிட்டக்கூட வரமாட்டேன். கதவுக்கு வெளியவே நிக்கிறேன்."

அம்புட்டுதான். அனுப்பிட்டேன். போகட்டும், புள்ள நல்லபடியாப் பொறந்தா போதும்...

இரு, இரு. மறுபடி எங்க அமுக்குறது?

"பெய்ஷான், இன்னொண்ணு. புரளுறப்ப எந்தப் பக்கம் மொதல்ல எழும்புதுன்னு மட்டும் பாத்து வெச்சுக்கோ. வலது பக்கம்னா, கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. நான் கதவுக்கு வெளியதான நிப்பேன்."