முனிவேல் வேலை முடிந்து புறப்பட்டார்

பனிக்காலத்தில் எனக்கு மூக்கடைப்பு வரும், சார். படுத்திருக்க முடியாமல் விடியும் முன்பே கம்பெனிக்குப் போய்விடுவேன். அன்றும் அப்படித்தான் போனேன்.

நான் அங்கே பர்சனல் ஆபீசர். தொழிலாளர் சட்டம் எனக்கு மனப்பாடம். சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வரும்போது கத்துகிற ஹாரன் தலைவலியாக இருக்கிறதென்று வயரைக் கழற்றச் சொன்னவனும் நான்தான். அதனால்தான் வண்டி வருவது எங்கள் தொழிலாளி முனிவேலுக்குக் கேட்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடிகிற நேரம், யார்டு முழுக்கப் பனி. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நசுங்கிவிட்டார்.

வண்டியை ஓட்டிய சந்தோஷ் குதித்திறங்கி ஓடி வந்தான். "சார், மூச்சு இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடலாங்க."

நான் பயந்துபோயிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிக்குள் செத்தால் வயர் வரைக்கும் விசாரிப்பார்கள். வேலை முடிந்து போகும்போது ரோட்டில் அடிபட்டால் அது கம்பெனி விபத்து ஆகாது. நான் படித்த சட்டம் அது.

"ஓட்டுனது நீதானப்பா" என்றேன். அதற்குப் பிறகு நான் சொன்னதையெல்லாம் செய்தான்.

வாட்ச்மேனை டீ வாங்க அனுப்பிவிட்டு, முனிவேலை வருகைப்பதிவு மெஷினுக்குத் தூக்கிப்போனோம். வெளியே போனதாகப் பதிவாக வேண்டுமே. அவர் கட்டைவிரலைத் துடைத்து நான் வைத்தேன். சூடாக இருந்தது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை மெஷின் "தேங்க்யூ" என்றது. அவர் கண் திறந்தார்.

"செல்லிகிட்ட சொல்லிடாதீங்க சார். பயந்துக்குவா."

செல்லி அவர் மனைவி. சொல்லமாட்டேன் என்றேன்.

அவரையும் அவர் பைக்கையும் வேனில் ஏற்றி, மத்திகிரி ரோட்டோரம் இறக்கினோம். சந்தோஷ் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவனை அனுப்பிய பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாது. முனிவேல் என் சட்டையைப் பிடித்தபடி முனகிக்கொண்டே இருந்தார். டவுன் பஸ் வரும் சத்தம் கேட்டது. நிறுத்திவிடுவார்களோ என்று பயமாகிவிட்டது. என் மப்ளரை அவர் வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தினேன். பஸ் போன பிறகும் எடுக்கவில்லை.

லேபர் ஆபீசர் வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். வீட்டுக்குப் போகிற வழியில் அடிபட்டாலும் இனி கம்பெனி விபத்தாகவே எடுத்துக்கொள்ளலாமாம். அவர் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியதற்கு, மெஷினில் நான் வைத்த அவர் விரல்தான் சாட்சியாம்.

தாத்தா காலத்துச் சட்டத்தை மாற்றுகிறவர்கள் எங்களைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுத்திருக்கலாம், சார். எடுத்திருந்தால் முனிவேல் பிழைத்திருப்பார்.