ஆக்சிடெண்ட் என்று டைப் அடித்தவன்

பேச்ச கொஞ்சம் நிறுத்திட்டு, குட்டியா ஒரு கதை சொல்றேன் தோழர்களே... அடுத்தவன் கதை இல்ல. என் கதை.

அப்போ நான் ஒரு நூல் மில்லுல ஆபீஸ் கிளார்க். அங்க சரக்கு லிஃப்ட் ஓட்டுனவரு சூசைராஜ் அண்ணன். ஒருநாள் வந்து நின்னாரு.

"தம்பி, லிஃப்ட் ரோப்புல இழை அறுந்துக்கிட்டே வருது. மேனேஜர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டேன். இந்த லோடு போகட்டும், அடுத்த லோடு போகட்டும்ங்கிறாரு. எனக்கு எழுத வராது. நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வாயால சொன்னதே போதும்ணே. எழுதினா அவருக்குக் கோவம் வரும்."

யாருக்குப் பயந்தேன்? என் வேலைக்குப் பயந்தேன்.

நாலாம் நாள் காலையில ரோப்பு அறுந்துச்சு. மூணாவது மாடியில இருந்து லிஃப்டோட வந்து விழுந்தாரு... அங்கேயே முடிஞ்சு போச்சு.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. "ரிப்போர்ட்ல ஆக்சிடெண்ட்னு போடுப்பா."

போட்டேன். இந்த விரலாலதான் டைப் அடிச்சேன்.

பத்து நாள் கழிச்சு அவரு சம்சாரம் தவமணி அக்கா அந்தப் பேப்பரோட வந்தாங்க. அழல. அந்த ஒரு வார்த்தைமேல விரல வச்சாங்க.

"இதுக்கு என்ன தம்பி அர்த்தம்?"

"விபத்துன்னு அர்த்தம்க்கா."

"அப்படின்னா?"

"யாரும் எதிர்பாராம நடக்குறது..."

என்னையே பார்த்தாங்க.

"அவரு எதிர்பார்த்தாரே தம்பி. மூணு நாளா அவருக்குச் சோறு எறங்கல. உன்கிட்டகூட வந்து சொன்னதாச் சொன்னாரே?"

தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க பேப்பர மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் லைப்ரரியில அகராதியப் புரட்டினேன். ஆக்சிடெண்ட்... லத்தீன்ல இருந்து வந்த வார்த்தையாம். 'மேல வந்து விழுறது'ன்னு அர்த்தமாம். பாருங்க, விழுந்தது மட்டும்தான் அந்த வார்த்தையில இருக்கு. விழ விட்டவன் இருக்கானா? அவன் இல்ல. அதனாலதான் மேனேஜருக்கு அந்த வார்த்தை அவ்வளவு பிடிச்சுது.

மனசு கேக்காம, அந்த மாசமே ஃபேக்டரி இன்ஸ்பெக்டரப் போய்ப் பார்த்து எல்லாத்தையும் சொன்னேன். ஃபைலைத் திருப்பி நான் அடிச்ச ரிப்போர்ட்டையே எனக்குக் காட்டினாரு. "நீங்க அடிச்சதுதானே? கேஸ் முடிஞ்சுது, போங்க." என் வேலை போச்சு. மேனேஜருக்கு ஒண்ணும் ஆகல. தவமணி அக்கா இன்னைக்கும் அதே மில்லுலதான் நூல் சுத்துறாங்க. வேற எங்க போவாங்க?

இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாளைக்கு உங்க மில்லுலயும் ஒண்ணு நடக்கும். கையெழுத்துப் போடுங்கன்னு ஒரு பேப்பர் நீட்டுவாங்க. அதுல அந்த வார்த்தை இருக்கும். கேளுங்க... இத முன்னாடியே யாரும் சொல்லலையா? சொல்லியிருந்தா அது ஆக்சிடெண்ட் இல்ல. சொன்னவன் பேர எழுதுங்க. கேட்டும் கேக்காம இருந்தவன் பேர எழுதுங்க. அது நானாவே இருந்தாலும்... எழுதுங்க.