திரையைப் பார்த்தபடி பதில் சொல்லுங்கள்

ஹலோ... ஹலோ?... சே, மறுபடியும் எங்கேஜ்டு. விஜி, நீ அந்த லைனை வெச்சிடாதடீ. உன் வீட்டுக்காரரை டெலிபோன் பூத்லயே நிக்கச் சொல்லு. ஆட்டோவை ஆஃப் பண்ண வேணாம்னு சொல்லு... ஆமா, அந்தாளு இன்டர்நெட்ல உக்காந்திருக்கான். அவன் அதை விட்டு எந்திரிச்சாத்தான் போன் போகும்.

யெஸ் மஞ்சுநாத் சார்... ஒந்து நிமிஷா சார், கத்தாதீங்க... ஆமா, ஒரே நம்பரைத்தான் திரும்பத் திரும்ப சுத்தறேன். இது பேக்-செக் சார். நம்ம ரூல்தானே? சர்வே பண்ண வீட்டுக்கே மறுபடி போன் பண்ணி, எங்க பொண்ணு உங்களை நிஜமாவே கேள்வி கேட்டுச்சா, இல்ல தானே எழுதிக்கிச்சான்னு விசாரிக்கிறது... தெரியும் சார், நான் பேசின காலை நானே பேக்-செக் பண்ணக் கூடாது. முதல்ல கேளுங்க, அப்புறம் மெமோ குடுங்க.

ஜெயநகர் வீடு சார். போன வாரம் கம்ப்யூட்டர் சர்வேக்கு சுத்தினேன். ஸ்னேஹான்னு ஒரு பொண்ணு எடுத்துச்சு. தமிழ்க்காரங்க. "கடைசியா கம்ப்யூட்டர் கடைக்கு எப்ப போனீங்க"ன்னு ஃபாரத்துல இருக்கிறதைக் கேட்டேன். "தீபாவளிக்கு அப்புறம் நான் வாசப்படியே தாண்டலை"ன்னு சொல்லிச்சு. நான் சிரிச்சேன் சார். ஜோக்குன்னு நெனச்சு சிரிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் அழுகை. புருஷன் குளிச்சிட்டிருந்தான். தண்ணிச் சத்தம் நிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சுது... போலீஸா? போயிட்டு வந்தாச்சு. "புருஷன் பொண்டாட்டி விஷயம்மா, நடுவுல நீ யாரு"ன்னு அனுப்பிட்டாங்க.

அவன் வெளிய போறப்ப அவளை வெச்சுப் பூட்டிட்டுப் போயிடறான். அதனால அவன் உள்ள இருக்கறப்பவே அவ வெளிய வந்தாகணும். இன்னிக்கு போன் வரும், அவன் பேச உக்காந்தா கிளம்பிடுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். எங்கண்ணன் கிளாரன்ஸ் பின்பக்கச் சந்துல நிக்கறான். விஜி வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் ஆட்டோவோட எதிர் பூத்ல. என் வேலை ஒண்ணே ஒண்ணு. அவனைப் பேச்சுல கட்டிப்போடணும். அவ்ளோதான். இப்ப மெமோ எழுதறதுன்னா எழு...

ரிங் போகுது! ஷ்ஷ்.

ஹலோ, நமஸ்காரா சார். ப்ரஹ்லாத் அவர மனேயா?... ஓ, தமிழ்லயே பேசலாமா, நல்லதாப் போச்சு. ப்ரஹ்லாத் சார் வீடுதானே? சார், என் பேரு ஜோசஃபின். மார்க்கெட் ரிசர்ச் ஆபீஸ்லேருந்து. வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கணும், எப்ப மாத்தணும்னு ஜனங்களோட அபிப்ராயம் கேக்கறோம்... இல்ல சார், எதையும் விக்கல. சத்தியமா. போன வாரமே உங்க வீட்ல பதில் சொன்னாங்க, அதைச் சரிபாக்கத்தான்...

உங்களுக்குத் தெரியாதா சார்?

... இல்ல சார், ரொம்பப் பேசல. பாதிக் கேள்விக்கு 'அவருக்குத்தான் தெரியும்'னாங்க... வேணாம் சார், அவங்களைக் கூப்பிடாதீங்க! அவங்க சொன்னதெல்லாம் தப்பாயிருக்கு, அதான் உங்களையே கேக்கலாம்னு... எல்லாமே தப்பு சார். ஒண்ணு விடாம. பொம்பளைங்களுக்கு என்ன சார் தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி... ஹா ஹா. ஆமா சார், நானும் பொம்பளைதான். அதனாலதான் நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கறேன்.

ஒரே ஒரு ரூல் சார். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, திரையைப் பாத்துக்கிட்டே பதில் சொல்லணும். ஞாபகத்துல இருந்து சொன்னா எங்க கம்பெனி ஒத்துக்காது... போன் பக்கத்துலயே இருக்கா? ரொம்ப நல்லது. நல்லாச் சாஞ்சு உக்காருங்க.

(ரிசீவரைப் பொத்திக்கொண்டு) உக்காந்துட்டான் விஜி. முனிகிருஷ்ணன்கிட்ட சொல்லு.

ம், கலர் சார். அவங்க வெள்ளைன்னாங்க... ஐவரியா. ஓஹோ. வெள்ளைக்கும் ஐவரிக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா... இப்போ ஊதா, பச்சைன்னு கண்ணாடி மாதிரி வருதே சார், உள்ள இருக்கிற பார்ட்டெல்லாம் தெரியறாப்ல?... மிட்டாய்க் கடையா! நல்லாச் சொன்னீங்க. 'உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய தெரியக் கூடாது.' அப்படியே எழுதிட்டேன் சார்.

படுக்கை மாடலா, நிக்கிற டவரா?... டவர். மேசை மேல. ஏன் சார், எல்லாரும் கீழதானே வெக்கறாங்க?... கண்ணு முன்னாடியே இருந்தாத்தான் கட்டுப்பாட்டுல இருக்கும். சரி... சரி... எஸ்.பி. ரோடுல நீங்களே ஒவ்வொரு பார்ட்டா பாத்து வாங்கினதா! கம்பெனி மெஷின் வாங்கறவன் ஏமாளியா. ஆமா சார். ஆமா, ஆமா.

அடுத்தது ரொம்ப முக்கியம் சார், சத்தம். சி.டி. போட்டா எவ்ளோ சத்தம் வருது?... வாயால சொன்னா எப்படி சார், போட்டுக் காட்டுங்க... எந்த சி.டி.யா இருந்தாலும் பரவாயில்ல... அம்மாடி! ஏரோப்ளேன் கிளம்பற மாதிரியில்ல இருக்கு! எடுத்துடாதீங்க, ஓடட்டும் சார். போகப் போக ஏறுதா இறங்குதான்னு கேக்கணும்... ஆமா, இது கூட ஃபாரத்துல இருக்கு.

(பொத்திக்கொண்டு) விஜி, என்னடீ? இன்னும் தெரியலையா?

... சார்? என்ன கேட்டீங்க? காபியா?... இன்னும் ரெண்டு மூணு கேள்விதான் சார், முடிச்சிட்டுக் குடிக்கலாமே...

(பொத்திக்கொண்டு) அவளைக் காபிக்குக் கூப்பிடறான். எங்க இருக்காளோ தெரியல. ஜீசஸ், ஜீசஸ்...

சார்? பதில் வரலையா?... எந்திரிக்காதீங்க சார், ஒரு நிமிஷம்! உங்க கம்ப்யூட்டரைப் பத்தி அவங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லவே இல்லையே... சொன்னா கோச்சுக்குவீங்க... 'மாவு மிஷின் மாதிரி இருக்கு, ஹாலுக்கே அசிங்கம்'னாங்க... சத்தியமா சார், இதே வார்த்தை. எழுதி வெச்சிருக்கேன்... உக்காருங்க சார், உக்காருங்க. நீங்க சொல்லுங்க, இதை அடிச்சிட்டு உங்களோடதை எழுதறேன். 'பாத்தாலே ஒரு மரியாதை வரணும்.' ம்... 'கூர் மடிப்பு, வளைவு நெளிவு இல்லாம.' ம், ம்... ஓ, குரல் குடுத்துட்டாங்களா? பாலை அடுப்புல வெச்சிருக்காங்களா. மெதுவா வரட்டும் சார், பால் காயட்டும்.

அழகுக்குன்னு நீங்க ஏதாவது பண்ணியிருக்கீங்களா? ஸ்டிக்கர், துணி உறை, அந்த மாதிரி?... எதுவுமே ஒட்டக் கூடாதா... யாரு, அவங்களா?... ஆயுத பூஜைக்குக் குங்குமம் வெச்சாங்களா? எல்லா வீட்லயும் வெக்கறதுதானே சார், எங்க ஆபீஸ்ல பிரிண்டருக்கே மாலை போட்டாங்க... கறை. ஐவரில கறை போகாது. ம்... அப்புறம்?

...

கையிலயா சார்?

... இல்ல சார், லைன் நல்லாத்தான் இருக்கு. கேட்டுச்சு. அதே விரல்ல. கரண்டியைக் காய வெச்சு... 'அப்பத்தான் ஞாபகம் இருக்கும்.' ...சிரிக்கறீங்க. ஆமா சார். லைன்லதான் இருக்கேன். எழுதிட்டிருக்கேன்.

தண்ணி குடு விஜி... ஒண்ணும் இல்லடீ. குடு.

... யாரு சார் பேசறதா? எங்க ஆபீஸ்ல நிறையப் பேரு போன் பண்ணிட்டிருப்பாங்க, அந்தச் சத்தம்தான். அடுத்த கேள்வி. கம்ப்யூட்டரை எப்ப மாத்தணும்னு நெனக்கறீங்க? புதுசு வந்தவுடனேயா?... வருஷா வருஷம் மாத்தறவன் முட்டாள். ம்... சொன்ன பேச்சைக் கேக்கற வரைக்கும் ஓட்டணும். கேக்கலைன்னா?... உள்ள இருக்கிறதைக் கழட்டிட்டு வேற வெக்கணும், மேல் டப்பா அதேதான் இருக்கணும். ஏன் சார், டப்பாவும் புதுசா வாங்கலாமே?... பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்... சரிதான் சார். வெளியிலிருந்து பாத்தா ஒண்ணுமே மாறல. சரிதான்.

(பொத்திக்கொண்டு) மஞ்சுநாத் சார், ஃபாரம் முடிஞ்சு போச்சு. கேள்வி தீந்துபோச்சு சார், ஏதாவது குடுங்க... என்னது?... மவுஸ்? சரி, மவுஸ்.

சார், மவுஸோட ஒயர் நீளம் போதுமா?... சின்னப்பிள்ளைத்தனமா இருக்கா? கம்பெனிக்காரங்க கேக்கறாங்களே சார், நான் என்ன பண்றது... சரி, கீபோர்டு? தட்டினா சத்தம் வரணுமா, வராம இருக்கணுமா?... சார்?... சார், லைன்ல இருக்கீங்களா?

... நீங்களே சொல்றீங்களா? நான் கேக்காத கேள்விக்கா?... கடைசியா என்ன அப்கிரேட் பண்ணீங்கன்னு நான் கேக்கவே இல்ல, ஆமா சார், விட்டுப்போச்சு. சொல்லுங்க... வீடியோ கேப்சர் கார்டு. சினிமா பாக்கவா சார்?... கேமராவா? எங்க?... பின்கதவுக்கு மேல.

... திரையில தெரியுதா? இப்பவா?

... யாரு... நீலச் சட்டையா. பின் கேட்டைப் பிடிச்சிட்டு நிக்கறானா... எவ்ளோ நேரமா சார் பாத்திட்டிருக்கீங்க?

... நான் ஹலோ சொன்னதிலேருந்தேவா.

அதான் இவ்ளோ பொறுமையா பதில் சொன்னீங்களா... பின்கதவுச் சாவி உங்க பாக்கெட்ல... அவ அங்க வந்து கதவை இழுத்து இழுத்துப் பாக்கறதை வேடிக்கை பாக்கணும்... ம்... சார், நான் சொல்றதைக் கேளுங்க... நான் யாரா? எந்தக் கம்பெனியா? அதெல்லாம் சொல்றேன் சார், எல்லாத்தையும் சொல்றேன், அவளை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன் சார்... அந்தாளு போயிடுவான், போகச் சொல்றேன். நீங்களே பாருங்க, அவன் போறானா இல்லையான்னு. பாத்துக்கிட்டே இருங்க... இல்ல சார், போலீஸெல்லாம் எதுக்கு... ஐயோ, என் வேலை போயிடும் சார்... எங்க சூப்பர்வைசர் பேரா? சொல்லிடறேன் சார், மஞ்சு... மஞ்சுநாத்... ஆமா, எழுதிக்கோங்க. பேனா பக்கத்துல இருக்கா?... இனிஷியலா? கேட்டுச் சொல்றேன் சார், நீங்க திரையைப் பாத்துக்கிட்டே இருங்க, அந்தாளு எந்தப் பக்கமாப் போறான்னு...

(பொத்தாமலேயே) என்ன விஜி?... ஏறிட்டாளா? கிளம்பிட்டாங்களா?... மூலை திரும்பற வரைக்கும் பாத்தாங்களா பூத்காரங்க? நல்லாக் கேட்டுச் சொல்லுடீ, நல்லாக் கேளு... மெயின் ரோடு ஏறிட்டாங்களா. சரி. சரி. அழாதடீ, மூக்கைத் தொட.

ப்ரஹ்லாத்.

... ஆமா, உன்னைத்தான். சாரெல்லாம் இத்தனை நேரம் சொன்னதோட முடிஞ்சு போச்சு... கத்து. நல்லாக் கத்து. அந்தப் பக்கம் நீ ஒருத்தன்தான் இருக்கே, இங்க ஒரு ஆபீஸே கேட்டுட்டிருக்கு. கையில அவ பட்ட சூட்டைப் பத்தி நீ சிரிச்சிக்கிட்டே சொன்னியே, அப்பவே எங்க சூப்பர்வைசர் இதே லைன்ல இருக்கிற பக்கத்துப் போனை எடுத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.

... நீலச் சட்டையா? அது எங்கண்ணன். இப்ப என்ன பண்றான் பாரு... கையாட்டறானா? ஆட்டுவான், அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. நீ பாக்கணும்னுதான் அவனை அங்க நிக்க வெச்சேன். உன் கேமராவைப் பத்தி அவ போன வாரமே சொல்லிட்டா. கடைசியா பண்ண அப்கிரேட் என்னன்னு எங்க ஃபாரத்துல கேள்வி இருக்கு. அவ எல்லாக் கேள்விக்கும் சரியாத்தான் பதில் சொன்னா ப்ரஹ்லாத், மாவு மிஷின் ஒண்ணுதான் நான் சேத்துக்கிட்டது...

கூப்பிடு. இன்னும் சத்தமாக் கூப்பிடு... சமையக்கட்டுலயும் இல்ல, பின்கதவுகிட்டயும் இல்ல. பின்கதவைத்தான் நீ கண்ணு இமைக்காம பாத்திட்டிருந்தியே, அந்தப் பக்கம் அவ எதுக்கு வரப்போறா? உன் நாக்காலிக்கு ஓரமா நடந்து, உன் முதுகைத் தாண்டித்தான் போனா.

திரும்பிப் பாரு. வாசக்கதவைச் சாத்திட்டுப் போகக்கூட அவளுக்கு நேரமில்ல.