விசிறிச் சிப்பியும் என் மைத்துனனும்

ஆய்வுக்கூடத்து உறைபெட்டியின் அலாரம் கத்தியபோது நான் தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன், ஐயா. பதறவில்லை. பழைய பெட்டி, அவ்வப்போது இப்படிக் கூப்பாடு போடும். திறந்தால் பனி உருகி, பைகளிலிருந்து சிப்பிச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீச்சம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இறந்துபோன என் மைத்துனனுக்கு அது வாசனை. "அத்தான், உருகினது ஆராய்ச்சிக்கு ஆகாது. வயித்துக்கு ஆகும்ல?" என்றான். என் மனைவியின் தம்பி. ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கீழே வேலை. சோதனைக்குத் துளித் தசை வெட்டியபின் மிச்சத்தை மின்னடுப்பில் வதக்கித் தின்பான். வெட்டிய இடுக்கியாலேயே பல் குத்துவான். விரல்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டு என் தோளைத் தட்டுவான். வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையைத் தனியாக ஊறவைப்பேன்.

எங்கள் வேலை விசிறிச் சிப்பிகளை இனம் பிரிப்பது. ஓட்டின் வரிகளைப் பார்த்துப் பிரித்தவன் நான். அப்படி ஒன்றைப் புது இனமென்று அறிவித்தேன். இந்தத் துறையில் என் பெயர் நிற்பது அதனால்தான். அவன் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் படிப்பவன். அதிலுள்ள மரபணுக்கள் தாய்வழியாக வருபவை. இந்தச் சிப்பிகளில் அவற்றின் வரிசை இனத்துக்கு இனம் இடம் மாறிக் கிடக்கும்.

முந்தின நாள் மென்றுகொண்டே வந்தான். "அத்தான், உங்க புது இனமும் பழசும் அச்சு அசல் ஒண்ணு. ஒரு எழுத்துகூட மாறல. பேரு வச்ச பிள்ளைக்கே மறுபடி பேரு வச்சிருக்கீங்க! வர்ற ஆராய்ச்சிக் கூட்டத்துல போட்டு உடைச்சிடறேன்." சிரித்தபோது ஒரு துணுக்கு என் மேசையில் விழுந்தது.

உருகிய பைகளில் ஒன்றில், நச்சுப்பாசி பெருகிக் கடல் சிவந்திருந்த சமயத்தில் பிடித்த சிப்பிகள். அப்போது அவற்றின் குடலில் சேரும் விஷம் எந்தத் தீயிலும் சாகாது. எங்களுக்கு இது அரிச்சுவடி. அவன் தசையை மட்டும்தான் தின்பான். அன்று அவனுக்காக நானே சமைத்தேன். குடலை வழித்து மசித்துத் தசையோடு கலந்து, மிளகும் பூண்டும் தூக்கலாகப் போட்டேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டேன். அவன்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஓர் அவசரக்காரனிடமிருந்து ஆராய்ச்சியைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

தட்டை வைத்தேன். அவன் சாப்பிடவில்லை, முகம் தொங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க அத்தான். நான்தான் சொதப்பிட்டேன். ரெண்டு குழாயிலயும் ஒரே சிப்பித் தசையப் போட்டுத் தொலைச்சிருக்கேன். சந்தேகத்துல மறுபடி அனுப்பினேன், இப்பதான் முடிவு வந்துச்சு. வரிசை வேற வேற. உங்களுது புது இனமேதான். கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்."

கண் கலங்கியிருந்தான். கரண்டி அப்படியே கிடந்தது. தட்டை எடுத்துவிட எனக்கு நேரம் இருந்தது. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்து, அந்த ஈரக் கையாலேயே என் கையைப் பற்றினான். நான் மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும், மாப்ளே. ஆறுறதுக்குள்ள சாப்பிடு."