மச்சான் பிடித்த லீவர்

— இந்த லீவரைக் கொஞ்சம் பிடிண்ணா. நான் கீழே லாரிக்குப் போறேன்.

— என்ன விளையாடுறியா? ராடு பாறைக்குள்ள இருக்கு, மெஷின் ஓடிட்டிருக்கு. நான் ஜாக்கிக்கு அடியில கட்டை வைக்கிற ஆளு. லீவர் பக்கமே வரமாட்டேன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். ஆனா உன் மாப்பிள்ளை குரலைக் காதுல வாங்கிக்கிட்டு என்னால துளை போட முடியாது. ரெண்டே நிமிஷம், பிடி.

— நிறுத்திட்டுப் போயேன்.

— நிறுத்தினா தூள் அடைச்சு ராடு சிக்கிக்கும். எனக்கே அதைச் சொல்லிக் குடுத்தவன் நீ.

— ஏய், தங்கச்சி, இரு... போயிட்டாளே. மாப்ளே, மலைக்கு அந்தப் பக்கம் கேக்குதா? உங்க பொண்டாட்டி மெஷினை என் கையில குடுத்துட்டு இறங்கிப் போறா. என்ன பண்ணித் தொலைச்சீங்க?

— நல்லாக் கேக்குது மச்சான். நான் ஒண்ணும் பண்ணலை. பாறையில வட்டம் போட்டு வச்சுட்டு, ராடு முனையில இருக்கிற பிட்டு எப்போ வெளியே வரும்னு பார்த்துட்டு நிக்கிறேன். உங்க தங்கச்சியையே கேளுங்க.

— அண்ணா, நான் குறட்டை விடறேன்னு அவங்க அம்மாகிட்ட சொன்னாரா இல்லையான்னு கேளு.

— மூணு பேரும் ஒரே லைன் வாக்கிடாக்கியைத்தானே காதுல மாட்டியிருக்கோம்? நீயே நேரா கேட்டா என்ன?

— அவர்கிட்ட எனக்கென்ன பேச்சு? நீ கேளு.

— மாப்ளே, சொன்னீங்களா?

— குறட்டைன்னு நான் வாயே திறக்கலை மச்சான். நம்ம கம்ப்ரஸர் மாதிரின்னுதான் சொன்னேன். ஒரே ஒரு வித்தியாசம், கம்ப்ரஸரை அணைச்சா அடங்கும்.

— கேட்டியாண்ணா?

— கேட்டேன், கேட்டேன். ஏதோ பாசத்துல சொல்லியிருக்கார். முதல்ல நீ மேலே வா. போன தடவை நான் போட்ட துளை எங்கே போச்சுன்னு மறந்துட்டியா? வாட்ச்மேன் முகத்துக்கு சோப்புப் போட்டுட்டிருந்த குளியலறைக்குள்ள போய் நின்னுச்சு. அன்னிலேர்ந்து கேம்ப்ல எனக்குப் பேரே 'எட்டிப்பார்த்தவர்'. போதும்டா சாமின்னு இந்த லீவருக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான்.

— அதான் இந்த வேலையை விட்டுட்டு திங்கக்கிழமைலேர்ந்து டைல்ஸ் கடையில போய் உட்காரப் போறீங்களே மச்சான். ஏசி காத்து, சுத்தற நாற்காலி. மெஷினைப் பத்தித் தவிர வேற எதுவும் பேசத் தெரியாத மனுஷன், அங்கே வர்றவங்ககிட்ட என்ன பேசுவீங்களோ.

— என் பேச்சு இருக்கட்டும். உங்க வட்டத்துக்குப் பக்கத்துலயே பம்ப் ரூம் இருக்கே, அதைப் பாருங்க. துளை ஒரு முழம் தள்ளி வந்தா சுவர் போச்சு. தண்ணிக் குழாய்க்கு வழி கேட்டா, பம்ப் ரூமுக்கு ஜன்னல் வச்சுக் குடுத்தோம்னு இன்னொரு பட்டப்பேர் வரும். தங்கச்சி, வா.

— அவர் மன்னிப்புக் கேக்கட்டும், வர்றேன்.

— மாப்ளே, ஒரு வார்த்தைதானே, கேட்டுடுங்க.

— உண்மையைச் சொன்னதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்குற வழக்கம் எனக்கில்லை. அது கெடக்கு, ரசமட்டத்துல குமிழ் நடுவுல நிக்குதா மச்சான்?

— இருங்க, பார்க்கிறேன். நடுவுல... இல்லை. இடது பக்கமா ஏறுது. அப்படின்னா வலது பின்கால் இறங்குது. தள்ளுறதை நிறுத்தி ராடைக் கொஞ்சம் பின்னால இழுத்துக்கறேன். சும்மா சுத்திட்டிருக்கட்டும்.

— அதுக்கு அவங்க அம்மா என்ன சொன்னாங்களாம், கேளுண்ணா.

— கொஞ்சம் பொறும்மா. துளையிலேர்ந்து வர்ற தண்ணி நேரா ஜாக்கிக்கு அடியில போய்த் தேங்குது. காலையில வெட்டின வாய்க்கால்ல மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்கு. கீழே எல்லாம் கூழாயிடுச்சு. இதுமேல மெஷின் நின்னா துளை வானத்தைப் பார்த்துதான் போகும்.

— எங்கம்மா என்ன சொன்னாங்கன்னா மச்சான்...

— மாப்ளே, அதை நீங்க முழுங்கிடறது குடும்பத்துக்கு நல்லது.

— சொல்லட்டுமேண்ணா. தைரியம் இருந்தா சொல்லட்டும்.

— 'அவ அப்பாவும் அப்படித்தான், நம்ம வீட்ல வந்து தங்கின அன்னிக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு'ன்னாங்க.

— நம்ம அப்பாவைச் சொல்றாருண்ணா. நீ கேட்டுக்கிட்டு சும்மா இருக்கே.

— சும்மாவா இருக்கேன்? சகதியை வழிச்சுப் போட்டு, கெட்டி மண்ணு தெரியிற வரைக்கும் தோண்டி, ஜல்லியைக் கொட்டி, அதுமேல அகலமான கட்டையைப் போட்டிருக்கேன். இப்போ ஜாக்கியை ஏத்துறேன். குமிழ் வருது... வருது... வந்துடுச்சு. பின்னால தொங்குற தூக்குக்குண்டு ரெண்டும் ராடும் ஒரே கோட்டுல நிக்குது. மெஷினைக் கட்டியிருக்கிற சங்கிலியும் இறுக்கமாத்தான் இருக்கு. அப்புறம், அப்பா குறட்டை விடுவார்தாம்மா. பக்கத்து அறையில படுத்து வளர்ந்தவன் நான்.

— நீயும் அவர் கட்சியா?

— எனக்கேது கட்சி? இந்தத் தூக்குக்குண்டு மாதிரி ரெண்டு பேருக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். நகரு, அடுத்த ராடு மாட்டணும்.

— நான் லாரியில இருக்கேண்ணா. யாரை நகரச் சொல்றே?

— பழக்கம்.

— மச்சான், உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. இன்னிக்கு அவ வீட்டுக்கு வரலேன்னா...

— ரெண்டு பேரும் வாயை மூடுங்க.

— என்னண்ணா?

— சத்தம் மாறுது. இவ்வளவு நேரம் கணீர்னு கேட்டது, இப்போ தொளதொளங்குது. உள்ளே பாறை வெடிச்சிருக்கு, குறுக்கால ஓடுது. இப்போ அழுத்தினா பிட்டு அந்த வெடிப்போட சறுக்கிக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடும். அழுத்தத்தைக் குறைக்கிறேன். சுத்தட்டும், தள்ள வேண்டாம். மெஷின் உதறுது... முன்னங்கால்... பரவாயில்லை, நிக்குது. மாப்ளே, பாறைக்கு நேரா நிக்காதீங்க, தள்ளிப் போங்க.

— தள்ளிட்டேன் மச்சான்.

— மெதுவா போடி கண்ணு. அவசரமே இல்லை. அப்படித்தான். இன்னும் கொஞ்சம். இன்னும்... கணீர்னு வந்துடுச்சு. தாண்டிட்டோம். ம், நீங்க சண்டையை ஆரம்பிக்கலாம்.

— எங்கே விட்டேன் மச்சான்?

— அவ வீட்டுக்கு வரலேன்னா. அந்த இடத்துல.

— ஆங். அவ வீட்டுக்கு வரலேன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்.

— தாராளமாத் தூங்கட்டும்ண்ணா. நான் உன் வீட்டுக்கு வந்துடறேன். உன் பக்கத்து அறையில படுத்துக்கறேன்.

— ஐயையோ. சின்ன வயசுல அப்பாகிட்ட பட்டது போதாதா? மாப்ளே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், இவளைக் கூட்டிட்டுப் போற வழியைப் பாருங்க.

— மச்சான், ஒரு நிமிஷம். பாறையிலேர்ந்து தூள் உதிருது.

— வட்டத்துக்கு உள்ளேயா, வெளியிலயா?

— இருங்க.

— என்ன இருங்க? பம்ப் ரூம் பக்கமா? நிறுத்திடட்டுமா? சொல்லுங்க மாப்ளே.

— நிறுத்தாதீங்க. அப்படியே மெதுவா விடுங்க. ஒரு சில்லு பேர்ந்து விழுது. இன்னொண்ணு. இதோ, மூக்கை நீட்டிடுச்சு. உள்ளேதான் மச்சான். சும்மா உள்ளேன்னு சொன்னா அது அவமரியாதை. நட்ட நடுவுல நான் ஒரு புள்ளி வச்சிருந்தேன், அதைத் தின்னுட்டு வந்து நிக்குது.

— விளையாடாதீங்க. நிஜமா?

— உங்க தங்கச்சி மேல சத்தியமா.

— இன்னிக்கு நீங்க அவ மேல பண்ற சத்தியத்தை எந்தக் கணக்குல சேர்க்கிறது?

— அப்போ எங்கம்மா மேல சத்தியமா. பம்ப் ரூம் சுவர்ல ஒரு பொட்டுக் காரை கூட உதிரலை. நீங்க மெஷினை நிறுத்துங்க, நான் பிட்டைத் தொட்டே சொல்றேன்.

— நிறுத்திட்டேன்.

— தொட்டுட்டேன். சுடச்சுட இருக்கு. ஈரமா, பளபளன்னு, பொறந்த குழந்தை மாதிரி.

— தங்கச்சி, கேட்டியா? நீ ஆரம்பம் சரியா வச்சே, அதான் நேரா போயிருக்கு.

— நான் விட்டது முதல் ராடு மட்டும்தாண்ணா. மிச்சம் அத்தனையும் நீ.

— நானா? நான் எங்கேம்மா போட்டேன்? உங்க பஞ்சாயத்தைத் தீர்த்துக்கிட்டில்ல நின்னேன். கை பாட்டுக்கு... அடேயப்பா. ஆமா, நான்தான் இல்ல? இந்த மலையில இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வரைக்கும்.

— நீதாண்ணா. வெடிப்பு வந்தப்போ நான் இருந்திருந்தா பயத்துல அழுத்தியிருப்பேன்.

— சிரிப்பா வருது. இந்த நேரத்துல எனக்காக ஒரே ஒரு தயவு பண்ணுங்க, ரெண்டு பேரும். அந்தக் குறட்டையை இத்தோட விட்டுட்டு, நடுவுல நான் இல்லாம, ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசிக்கோங்க. மாப்ளே, நீங்கதான் பெரிய மனசு பண்ணி ஆரம்பிக்கணும்.

— ஏம்மா, நமக்குள்ள சண்டையே இல்லேன்னு உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. அவர் லீவரைப் பிடிக்கணும்னு நேத்து பூரா உன்னோட ஒத்திகை பார்த்ததுல எனக்குத் தொண்டை கட்டிடுச்சு.